திகதி இல்லாத ஒப்பந்தம்

விசுவமடு அகதி முகாமில் இருக்கும் என் அவருக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சமாதானப் பேச்சில் நேற்று ஒரு பகிடி. எங்கள் கரையைப் பிடித்து வைத்திருக்கும் ஆமி அதை விட்டுப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். எப்போது என்று எழுதவில்லை. வழக்குத் தீரும்வரை எதிராளி வீட்டில் தண்ணீரும் குடிக்காத சனம் அல்லவா நாங்கள்? அரசாங்கத் தரப்பு தந்த தேநீரை நான் தொடவில்லை. எனக்கு நீரிழிவு என்று நினைத்து, அவர்களின் அதிகாரி சீனி போடாத தேநீரைத் தானே கொண்டுவந்தார்.

"தம்பி, சீனியில பிழையில்லை. திகதியைப் போடுங்கோ, கேத்தலோட குடிக்கிறன்" என்றேன்.

எங்கள் தரப்புத் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அக்கா, மரியாதைக்கு ஒரு வாய் குடியுங்கோவன்" என்றார்.

"மரியாதைக்குத்தான் கோப்பையைத் தட்டிவிடேல்லை" என்றேன்.

மருமகன் மெல்ரொன் அடுத்த கிழமை இங்கே வருகிறானாம். அவனிடம் கோப்பித்தூளும் உங்கள் பழைய சால்வையும் கொடுத்துவிடுங்கள். சால்வையைத் துவைக்க வேண்டாம்.

வாகனம் வந்துவிட்டது, முடிக்கிறேன். மாதக் கடைசியில் கையெழுத்தாம். எல்லோரும் வைத்தார்கள், புனிதம் மட்டும் வைக்கவில்லை என்று ரேடியோ சொன்னால், எனக்குச் சுகமில்லையோ என்று பயப்படாதீர்கள். நல்ல சுகத்தோடுதான் மறுத்திருப்பேன்.

உங்கள்
புனிதம்