கணவர் கைபேசி எண்

மார்ச் 4, புதன்

இன்று பதினேழு அழைப்புகள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் பதினோரு வருஷமாக என் வேலை. மதியம் பெரிய டாக்டர் எங்கள் பதிவேட்டையே படமாகப் போட்டுக் காட்டினார். புற்றுநோய் வந்தவர்களில் வருஷா வருஷம் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு. மணமானவர்களின் கோடு மெல்ல இறங்குகிறது. தனியாட்களின் கோடு மளமளவென்று இறங்குகிறது. பக்கத்து மேஜைக்காரி என் காதில், "அப்ப மருந்துச் சீட்டுல மாப்பிள்ளைன்னு எழுதிக் குடுப்பாராக்கா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

எனக்கு நாற்பத்தாறு. என் கல்யாணப் பேச்சை எடுக்க வீட்டில் ஆளில்லாமல் போய் ஒன்பது வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

மார்ச் 5

மறுபடி தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

புற்றுநோயேதான். எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டவில்லை. எங்கள் பதிவேட்டில் என் பெயரையும் ஏற்ற எனக்குத் தெம்பில்லை. ஊரின் மறுகோடியில் வேறொன்றுக்குப் போனேன். கவுண்டர் பெண் கணினியைப் பார்த்தபடியே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மெல்ல இறங்குகிற கோட்டில் என்னையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்றா? பைத்தியக்காரி. அவள் அதோடு விடவில்லை, கணவரின் கைபேசி எண் கேட்டாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் பக்கத்து மேஜைக்காரியுடையது ஒன்றுதான். தம்பி எண்கூட பார்த்தால்தான் தெரியும். மேஜைக்காரி எண்ணையே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

முதல் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு, அப்புறம் ஆபரேஷன். கூட யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். இல்லாத மனுஷனுக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு அவர் மனைவி காலை அமுக்கிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். பொறாமையாக இருந்தது.

அலுவலகத்தில் அல்சர் என்று சொல்லி நீண்ட விடுப்பு எடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

முடி கொத்துக் கொத்தாக வந்து குளியலறையில் தண்ணீர் அடைத்துக்கொண்டது. நானே குனிந்து அள்ளினேன். பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது?

மே 21, வியாழன்

மூன்றாவது ஊசி நாள். போகவில்லை.

இரண்டாவதற்குப் பிறகு ஆறு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். இன்று காலை செருப்பு வரை மாட்டினேன், கழற்றிவிட்டேன். அடுத்த வாரம் போனால் என்ன என்று தோன்றியது. கூடாது என்று சொல்ல யாருமில்லை. எத்தனை பேர் போனில் இதையே சொல்லியிருக்கிறார்கள் — அடுத்த வாரம் வரேம்மா. சோம்பேறிகள் என்று நினைத்திருக்கிறேன். அவர்களில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது தெரிந்தும் படுத்துக் கிடக்கிறேன்.

செத்துப் போயிடுவேனோ? இப்படித்தான் போகுமா, ஒவ்வொரு வாரமா தள்ளிப்போட்டே?

மே 22, வெள்ளி

காலை எட்டு மணிக்குக் கதவை யாரோ இடித்தார்கள். பக்கத்து மேஜைக்காரி. நேற்று சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் இல்லையா, அவர் மனைவி ஊசிக்கு வரவில்லை என்றார்களாம். தப்பான நம்பர் என்று வைக்கப் போனவள், என் பெயரைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். வாசலிலேயே நின்று என் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"நான் உங்க புருஷனாம்க்கா," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், பாதியில் அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன், அந்தக் கோடு உட்பட. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எம்புருஷன் ஒண்ணும் பெருசா கிழிக்கிறதில்லக்கா. எனக்குக் காய்ச்சல்னா, டாக்டர்கிட்ட கிளம்புடின்னு கத்துவாரு. கிளம்புற வரைக்கும் கத்துவாரு. அது எனக்கும் வரும். கிளம்புங்க."

இன்றைக்கே வேண்டாம் என்றேன். கத்தினாள். மூன்றாவது ஊசி ஏறிவிட்டது.

ஜூலை 24, வெள்ளி

ஆறும் முடிந்தது. கட்டி சுருங்கியிருக்கிறதாம். அடுத்து ஆபரேஷன். தம்பிக்குச் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று நாலு நாள் பேசவில்லை, ஐந்தாம் நாள் பெட்டியோடு வந்து நிற்கிறான்.

அக்டோபர் 14, புதன்

வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த பரிசோதனை ஜனவரியில். பயம் போகவில்லை, காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது.

இன்றைய பட்டியலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயது, தனியாள். இரண்டு நாளாகக் கதிர்வீச்சுக்கு வரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்றார். முன்பென்றால் சரி சார் என்று குறித்துக்கொண்டு வைத்திருப்பேன்.

"சட்டையைப் போடுங்க. நான் போனை வைக்கப் போறதில்ல," என்றேன்.

நீ யாரம்மா என்னை அதட்ட என்று கோபப்பட்டார். நானும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. இருமிக்கொண்டே தெருவில் நடந்தார். நிறுத்தத்தில் நின்றார். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் கழித்து பஸ் வந்துவிட்டது என்றார். ஏறுங்கள் என்றேன்.

"ஏறிட்டேன்," என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "வச்சுடாதீங்க."