பத்து மணிக் கரண்டி

மார்ச் 4
குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் இன்றும் தூள் மிதந்தது. தண்ணீரோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தூளை நனைக்கச் சேர்க்கும் திரவமான நனைப்பானை மூன்று மடங்காக்கிப் பார்க்கலாமே என்று ஆலைக் கூட்டத்தில் மெல்லச் சொன்னேன். கலவை அறையில் அதற்குத் ‘தேன்’ என்று பெயர். நிறமும் ஒழுகலும் அப்படி. சோதனைப் புட்டியில் தூள் சாதுவாக இறங்கியது. மேலாளர் கைதட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் என்னை வருடா வருடம் வேலையில் நீட்டித்து வைத்திருப்பவர். காதெல்லாம் சுட்டது.

மார்ச் 5
வழக்கம்போல ஒரு சோதனைப் புட்டியை என் மேசையில் வைத்துக்கொண்டேன். தினமும் பத்து மணிக்குத் திறந்து, வீட்டில் செய்வதுபோல புட்டியின் வாய் கரண்டியில் பட ஒரு கரண்டி ஊற்றி மூடுவேன். எந்த விதியிலும் இல்லாத சோதனை. என் பயத்துக்காகச் செய்வது.
“யாருக்கு சார் காய்ச்சல்? உங்களுக்கா, மேசைக்கா?” என்றார் மேலாளர்.

மார்ச் 9
புது அளவில் பன்னிரண்டாயிரம் புட்டிகள் நிரம்பின.

மார்ச் 24
மேசைப் புட்டியின் மூடியில், உட்புறம் கடுகளவு கறுப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டாம் முறையும் துடைத்தேன். பூஞ்சைதான்.
புட்டிகளை ஏற்ற வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

மார்ச் 25
கெடாமல் காக்கச் சேர்க்கும் பதனப்பொருளை மூன்று தடவை அளந்தேன். மூன்றிலும், சேர்த்த அளவில் தொண்ணூற்றெட்டு சதவீதம் இருந்தது. அப்படியானால் பூஞ்சை எப்படி? என் கரண்டிதான் அழுக்கோ? ஆனால் அதே கரண்டி பட்ட பிப்ரவரிப் புட்டி, பழைய அளவில் செய்தது, பளிச்சென்று இருக்கிறது.

மாலையில் மனைவி எண்ணெய்ச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு எண்ணெயை வாரிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான் — ஐயோ.

நனைப்பானும் சோப்புக்கு உறவுதான். தண்ணீரை விரும்பும் தலை, எண்ணெயை விரும்பும் வால். அளவாக இருந்தால் வால் தூளைப் பற்றிக்கொள்ளும், தலை அதைத் தண்ணீரோடு சேர்க்கும். அளவு மீறினால் வால்களை உள்ளே மடக்கிப் பந்து பந்தாகத் திரண்டுவிடும். பதனப்பொருளும் எண்ணெய்ப் பக்கம் சாய்கிற சாதி. பந்துகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. என் சோதனையில் சேர்க்கும் ஆல்கஹால் பந்துகளை உடைத்துவிடுவதால் எண்ணிக்கை சரியாக வருகிறது. புட்டியிலோ, தண்ணீரில் கிருமியைத் தடுக்க ஆளில்லை.

கல்லூரியில் படித்த பாடம். மறந்தேனா, கைதட்டலில் மயங்கினேனா?

மனைவியிடம் சொன்னேன்.
“அப்போ வாசல்ல நிக்க வேண்டிய காவக்காரனை உள்ள கூப்பிட்டு மெத்தை போட்டுட்டீங்க.”
“ஆமா.”
“யாரு போட்டது?”
“நான்தான்.”
“அப்ப நீங்கதானே போய்ச் சொல்லணும்?”

மார்ச் 26
மேலாளர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே ஆள் இருந்தார். இரண்டாம் முறை யாரும் இல்லை. அப்போதும் திரும்பிவிட்டேன்.

மார்ச் 27
லாரி ஒன்பதுக்கே வந்துவிட்டது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. புட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். லாரிப் பக்கத்தில் நின்ற மேலாளரிடம் மூடியைத் திறந்து காட்டினேன்.
“சார், இது போகக் கூடாது.”
“தொண்ணூத்தெட்டுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”
“நம்பர் சரி. மருந்து சரியில்ல. திறந்தா கெட்டுப்போகும்.”
“யார் யோசனை இந்த மூணு மடங்கு?”
“என்னோடது.”
மூடியை வாங்கிப் பார்த்தார். பிறகு லாரிக்காரரிடம், “அண்ணே, எல்லாத்தையும் இறக்குங்க.” என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 8
கிருமிச் சோதனைக்கு அனுப்பிய பத்துப் புட்டிகளில் ஏழு தேறவில்லை. தப்பித்தோம் என்று மகிழ்வதா? பன்னிரண்டாயிரத்தையும் கொட்டி அழிக்கிறார்கள். ‘தேன்’ பழைய அளவுக்கே வந்துவிட்டது. இப்போது தூளை முதலில் அதில் குழைத்துவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறோம். மிதக்கவில்லை. இதையே அன்று யோசித்திருக்கலாம்.
மேலாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 30
நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. மேசையைக் காலி செய்தேன். புதுத் தயாரிப்பின் புட்டி, இருபத்தொன்றாம் நாள், சுத்தமாக இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கரண்டியைப் பையில் போட்டேன்.
மேலாளர் வந்து நின்றார். கையை நீட்டினார்.
“அந்தக் கரண்டியக் குடுங்க சார். மணி பத்தாச்சு.”