குப்பைக்குப் போகாத கோதுமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரை போடுகிறாரா?

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்படாதே. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தழைச்சத்தாகத் தரும் பாக்டீரியாவை இரண்டு கோதுமை ரகங்களுக்கு இட்டிருந்தேன். புது ரகம் வெளிறிப்போனது. "உன் பாக்டீரியா வேலைக்காகாது, எல்லாத்தையும் குப்பையில கொட்டு" என்றார் ஆய்வகத் தலைவர். ஆனால் பழைய ரகம் பச்சைப்பசேலென்று நின்றது. அதன் வேரை நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா மொய்த்துக் கிடந்தது. புது ரகத்தின் வேரில் பேருக்குத்தான் இருந்தது.

"குறை பாக்டீரியாவுல இல்ல சார், அதைச் சேத்துக்கத் தெரியாத ரகத்துலதான். நான் கொட்ட மாட்டேன்."

"அப்ப இங்க உனக்கு இடமில்ல."

தொட்டிகளை என் வாடகை அறைக்கே தூக்கி வந்துவிட்டேன். இப்போது பழைய ரகம் உரமில்லாமலே கதிர் விட்டிருக்கிறது. நாளை அதைத் துறைக் கூட்டத்தில் அவர் மேசைமேலேயே வைக்கப்போகிறேன்.

"அனுசரிச்சுப் போடி" என்பாய். மாட்டேன். ஆனால் அதையே நீளமாகத் திட்டிக் குரல்பதிவாக அனுப்பு. இங்கே என்னை 'டி' போட்டுக் கூப்பிட ஆளில்லை.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முடிக்கிறேன்.

உன் அடங்காத மகள்