மாப்பிள்ளை மேல் ஒரு வழக்கு

மார்ச் 3
தையல் கடைக்கு மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். மாப்பிள்ளையைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். வாஷிங் மெஷின் பழுது பார்க்கப் போன வீட்டில் மோதிரத்தைக் காணோம்.

ஸ்டேஷனில் மாப்பிள்ளை வாயைத் திறந்ததும் சொன்னது, "என் தப்புதான் சார், மன்னிச்சிடுங்க." கம்பெனியில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். யார் கத்தினாலும் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீஸ்காரர்கள் எழுதிவிட்டார்கள். வாயில்லாப்பூச்சி என்றுதான் பெண்ணைக் கொடுத்தேன். அந்த வாய் திறக்க வேறு இடமா கிடைக்கவில்லை?

மார்ச் 4
அரசாங்கமே வைத்துக்கொடுத்த வக்கீல். மகள் வயதுதான் இருக்கும். அந்த வீட்டம்மா போன மாதமே மோதிரம் இல்லாத விரலோடு என் கடைக்கு வந்தாள் என்று சாட்சி சொல்லட்டுமா என்று கேட்டேன். நான் அவளைப் பார்த்ததே இல்லை. வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொய் சாட்சி சொன்னா நீங்களும் உள்ள போவீங்கம்மா. அவர் எடுக்கலன்னு நாம நிரூபிக்க வேண்டாம். எடுத்தார்னு அவங்கதான் நிரூபிக்கணும்."

அதெப்படி? பழி நம் மேல், வேலை அவர்களுக்கா? நம்ப முடியவில்லை.

மார்ச் 6
ஜாமீன் கிடைத்தது. மாப்பிள்ளை வந்ததும் குளித்துவிட்டுப் படுத்தார்.

மார்ச் 7
பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகள்தான் சொன்னாள்: "கோர்ட்டே இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நீ தீர்ப்பு சொல்லிட்டியாம்மா?"

 எனக்கு என்னதான் தெரியும்? அவர் எடுத்ததை நான் பார்த்தேனா? நாலு வருஷமா கேக்காமலே என் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுற மனுஷன் — சே, என்ன பொம்பள நான்.

ஏப்ரல் 19
விசாரணை. வக்கீல் அந்த வீட்டம்மாவிடம் மரியாதையாகவே கேட்டாள். மோதிரத்தைக் கடைசியாகப் பார்த்தது மாப்பிள்ளை போனதற்கு முந்தின வாரமாம். நடுவில் பெயின்டர், உறவுக்காரர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று பலர் வந்து போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை எடுத்ததைப் பார்த்தீர்களா என்றதற்கு இல்லை என்றாள். பாவம், அவளும் பொய் சொல்லவில்லை.

அடுத்து போலீஸ்காரர். பேசாமல் இருக்கலாம், வக்கீலைக் கூப்பிடலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னீர்களா என்று வக்கீல் கேட்டாள். அவர் ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். ஸ்டேஷனில் அப்படி வாங்கிய 'என் தப்புதான்' என்ற வார்த்தையை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, எழுந்தே விட்டேன். மகள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மே 2
விடுதலை! மாப்பிள்ளை கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நானும்.

மே 5
பக்கத்துக் கடைக்காரி துணி கொடுக்க வந்தாள். "நிரூபிக்கலன்னுதானே சொன்னாங்க? எடுக்கலன்னு சொல்லலையே?" என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் வீட்டுக்காரர் எடுக்கலன்னு எந்தக் கோர்ட்டு சொல்லியிருக்கு?" என்றேன். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

மோதிரம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் அந்த வீட்டம்மாவுக்கு நல்லது. எங்கள் வீட்டில் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகிறார்.