ஊர் ரேடியோவின் அடக்க விலை

1939 ஜூன் 12, திங்கள்

மண்டிக்கு இன்று மூன்றே வண்டி நெல். பூந்தமல்லிக் கடைத்தெருவே தூங்கி வழிகிறது. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவிலிருந்து கடுதாசி வந்துவிட்டது. ரேடியோப் பெட்டி கப்பலேறிவிட்டதாம்.

மவுண்ட் ரோடு கடைக்காரன் இதே மாதிரிப் பெட்டிக்கு இருநூற்று முப்பத்தைந்து கேட்டான். நேராக வரவழைத்தால் நூற்றுப்பத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று எங்கள் குத்தம்பாக்கத்தில் ஊர் கூடிய இடத்தில் சொன்னேன். வாக்குக்கு அடையாளமாக வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. எங்கள் தெருவில் இருபத்திரண்டு குடும்பம், தலைக்கு ஐந்து ரூபாய் போட்டார்கள். பெட்டி பரந்தாமன் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் இருக்கும். ஊர்ப் பெரியதனம் அவர்தானே.

பெட்டி விலை முப்பது டாலர், நம் காசுக்கு எண்பத்தைந்தரை. பாங்கிக்காரனுக்கு இரண்டு. இன்னும் கையில் இருபத்திரண்டரை இருக்கிறது. சில்லறைச் செலவுக்குத் தாராளம். மிச்சப்பட்டால் ஏரிக்கரை அம்மனுக்குப் பொங்கல் வைக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

பட்டணம் போய் வந்தேன்.

துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் கம்பெனியில் சம்பத் என்று ஒரு குமாஸ்தா. நல்ல பிள்ளை. என் கடுதாசியை வாங்கிப் படித்துவிட்டு, “பாக்கிப் பணம் கொண்டாந்தீங்களா?” என்றான். எந்தப் பாக்கி என்றேன். உட்காரச் சொன்னான்.

எங்கள் மண்டியில் ஒருத்தன் விலை சொன்னால், சரக்கு மண்டி வாசலில் இறங்குகிற வரைக்கும் அவன் பாடு. வண்டிக்கூலி, சுங்கச் சாவடி, சுமைக்கூலி எல்லாம் அந்த விலைக்குள். எங்கப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அமெரிக்காக்காரனும் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவும் இல்லை. அவன் சொன்னது அவன் ஊர்த் துறைமுகத்தோடு சரியாம்! அதற்கு மேல் எல்லாம் வாங்குகிறவன் தலையில்.

சம்பத் எழுதிக் கொடுத்த கணக்கு: கப்பல் கூலி ஒன்பது. காப்பீடு ஒன்றரை. சர்க்கார் தீர்வை நூற்றுக்கு ஐம்பது. அதுவும் பெட்டி விலைக்கு மட்டுமில்லை, கப்பல் கூலியையும் காப்பீட்டையும் கூட்டி அந்த மொத்தத்துக்கு. நாற்பத்தெட்டு ரூபாய்! துறைமுகக் கட்டணமும் கம்பெனிக் கூலியும் ஏழு. கையில் இருப்பது போக, பெட்டியை வெளியே எடுக்கவே நாற்பத்து மூன்று வேண்டும்.

அதோடு விட்டானா? லைசென்சு பத்து. ஊரில் கரண்டு ஏது, பாட்டரி வேண்டும், இருபத்தெட்டு. கம்பியும் மூங்கிலும் ஆறு, வண்டி மூன்று. ஆக மொத்தம் தொண்ணூறு ரூபாய் துண்டு விழுகிறது. அடக்கம் இருநூறு. நான் ஊரில் சொன்னது நூற்றுப்பத்து.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் என்னவோ கேட்டான். எரிந்து விழுந்தேன், பாவம்.

ஜூலை 4, செவ்வாய்

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி வடிவிடம் கூட.

ஜூலை 6, வியாழன்

சொல்லித் தொலைத்தேன். ஊர்ப் பொதுவில், எல்லோர் முன்னாலும். ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவன் காதில்கூட விழுந்திருக்கும். தலைக்கு இன்னும் நாலு ரூபாய் சொச்சம் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.

சித்தப்பா வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு சொன்னார். “மண்டியில நீ இன்னா பண்ணுவே ஜம்பு? சொன்ன வெலைக்கு மேல எவனாவது வண்டிக்கூலி கேட்டா குடுப்பியா?”

கொடுக்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தனை இதற்காகவே வாசலில் நிற்க வைத்துக் கத்தியிருக்கிறேன், அது இவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் மடியை அவிழ்க்கவில்லை.

ஜூலை 8, சனி

வடிவிடம் சங்கிலியைக் கேட்டேன். அடகுதான், அறுவடை முடிந்ததும் மீட்டுவிடலாம் என்றேன்.

“உங்க வாய்க்கு நான் வட்டி கட்டணுமா?” என்றாள். சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? ரேடியோ கேட்க சித்தப்பா வீட்டுக் கூடத்துக்குள் பொம்பளைகளை விடப் போகிறார்களா என்ன?

ஜூலை 11, செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. சம்பத் கார்டு போட்டிருக்கிறான். கப்பல் கூலியையும் தீர்வையையும் அவன் கம்பெனியே கட்டிப் பெட்டியைக் கிடங்கில் வைத்திருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் முதலாளி பெட்டியை விற்றுக் கணக்கை முடித்துக்கொள்வார். அதுவரை கிடங்கு வாடகை நாள் ஒன்றுக்கு எட்டு அணா.

அப்படி விற்றால் ஊர்ப் பணத்தில் பாதிகூடத் திரும்பாது. ஊரைச் சுருட்டினான் ஜம்புலிங்கம் என்று பேச்சாகும். அப்புறம் எவன் என் மண்டிக்கு நெல் அனுப்புவான்?

ஜூலை 14, வெள்ளி

இன்று துலுக்கானம் வந்தான். சேரிக்காரன். ஏரிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் மேஸ்திரி. மண்டிக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். நெல் விஷயமா என்றேன். இல்லை, ரேடியோ விஷயம் என்றான்.

“தை மாசம் பேஞ்ச மழையில நாப்பதாயிரம் சுடாத பச்சைக் கல்லு கரைஞ்சு பூட்சு ஆண்டே. முந்தின நாளு தெரிஞ்சிருந்தா கீத்து போட்டு மூடியிருப்போம். ரேடியோல மழை சொல்றாங்களாமே?”

சொல்கிறார்கள் என்றேன். சூளைக்காரர்கள் சீட்டுப் பணம் தொண்ணூறு இருக்கிறதாம், கொடுக்கிறேன் என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போதுதான் மீதியைச் சொன்னான்.

“பொட்டி எங்க சூளைக் கொட்டாய்ல இருக்கணும். கேக்க வர்றவங்க எல்லாரும் ஒரே பாய்ல குந்தணும். யாரும் எங்களைத் தள்ளி நில்லுன்னு சொல்லக் கூடாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

இது என் நோட்டு. இதிலும் பொய் எழுதினால் நான் மனுஷனே இல்லை. அவன் கேட்டது நியாயம் என்று தெரிந்துமே எனக்கு உடம்பு கூசியது. தொண்ணூறு ரூபாய் வாங்கக் கூசவில்லை, பக்கத்தில் உட்காரக் கூசுகிறது. தூ!

ஜூலை 19, புதன்

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். உங்கள் பணம் போகாது, பெட்டி நம் ஏரிக்கரையில்தான் இருக்கப் போகிறது, கரையோடு கொஞ்சம் நடந்தால் போதும் என்றேன். மழை, நெல் விலை எல்லாம் கேட்கலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

ஏலத்தில் போனாலும் போகட்டும் என்றார். “பணம் போனா பாத்துக்கலாம். அவனோட பாய்ல குந்திட்டு, நாளைக்கு வயல்ல எப்படி அவனை வேலை வாங்குவே?”

எனக்கு ஒன்று புரிந்தது. நாலு ரூபாய் இவர்களுக்குப் பெரிதே இல்லை. முதல் நாளே போட்டிருக்கலாம். நான் தலை குனிவதைப் பார்க்கத்தான் போடவில்லை. ஆத்திரத்தில் வரப்போடு நடந்து நேராகச் சூளைக்குப் போய்விட்டேன். துலுக்கானம் அச்சில் கல் அறுத்துக்கொண்டிருந்தான். சரி என்றேன். நல்ல மனசில் சொன்னேனா, சித்தப்பாமேல் கோபத்தில் சொன்னேனா, தெரியவில்லை.

ஜூலை 21, வெள்ளி

பெட்டியை எடுத்தாயிற்று. கிடங்கு வாடகை ஐந்து ரூபாய் என் கைப்பணம். வண்டியில் துலுக்கானம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டிக்காரனைத் திட்டினான்.

ஜூலை 30, ஞாயிறு

பாட்டரி, கம்பி எல்லாம் மாட்டி இன்று சாயங்காலம்தான் பாடியது. கொட்டகையில் எழுபது எண்பது பேர். பொம்பளைகளும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டேன். இடுப்பு வலி என்றேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மண்டிக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. பங்காளிகள் நெல்லைத் திருவள்ளூருக்கு ஓட்டுகிறார்களாம். பழைய நூற்றுப்பத்தும் உடனே திரும்ப வேண்டுமாம். வந்து கேளுங்கள், உங்கள் பெட்டிதானே என்று சொல்லி அனுப்பினேன். வடிவு அழுகிறாள். எனக்கும் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

நேற்று ரேடியோவில் இடியோடு மழை என்றார்கள். சூளையில் முந்திக்கொண்டு மூடிவிட்டார்கள். விடியற்காலை கொட்டித் தீர்த்தது. முப்பதாயிரம் கல் பிழைத்தது. சாயங்காலம் போனபோது பாயில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். இன்று வடிவும் வந்தாள், நான் கூப்பிடாமலே.

செப்டம்பர் 4, திங்கள்

சண்டை வந்துவிட்டது. இங்கிலீஷ்காரன் நேற்று ஜெர்மனியின் மேல் போர் அறிவித்துவிட்டான். மண்ணெண்ணெய் கிடைக்குமா, நெல் விலை ஏறுமா, கப்பல் ஓடுமா என்று ஊரே பதறுகிறது. சேதி தெரிய வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பெட்டி ஒன்றுதான்.

சாயங்காலம் கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் ஓரமாக வந்து நின்றார்கள். பிறகு இரண்டு பேர் சத்தமில்லாமல் பாயின் நுனியில் உட்கார்ந்தார்கள். சேதி சொல்லிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வந்தார். அவர் குதிரில் விற்காத நெல் நூறு மூட்டை இருக்கிறது.

அவர் வருகிறார் என்றால் சேரி ஜனம் எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கும். எனக்கு நினைவு தெரிந்து அது ஒரு நாளும் தவறியதில்லை. இன்று துலுக்கானம் அவரைப் பார்த்தான். பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டான். துண்டு தோளிலேயே இருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சேதி ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றது நான் ஒருவன்தான். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. வடிவு கீழேயிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தேன். சித்தப்பா கடைசிவரை வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார்.