பாய் நின்ற இடத்துக்கு ஆள் தேவை

பாய்,

நீங்கள் மறைந்த பிறகு ஓட்டலில் காலியான மேனேஜர் வேலைக்கு இன்று காலை வரை யாரையும் போடவில்லை. முதலாளிதான் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொன்னார். அப்போது அடுப்படியிலிருந்து தால்ச்சா கொதிக்கும் வாசனை வந்தது. கத்திரிக்காயும் மாங்காயும் பருப்பில் கரையும் அந்த வாசனையில், நான் கேட்க வந்த அடுத்த கேள்வி எங்கோ போய்விட்டது.

"கேட்டரிங் படிச்சவங்க வந்துட்டுப் போனாங்க சார். நம்ம செல்வியும் கேக்குது. பில்லு, ஆன்லைன் ஆர்டரு எல்லாம் அதுதான் பாக்குது. ஆனா அது சொன்னா மாஸ்டரு கேப்பாரா? நீங்க பாயோட பழகுனவரு. இந்த வேலைக்கு இன்னாதான் தெரியணும், சொல்லுங்களேன்" என்றார்.

வாசல் வழியே, பஸ்களின் தலைக்கு மேல், கல்வராயன் மலை நீலமாகக் கலங்கித் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே நினைப்பில் உங்களிடம் வந்துவிட்டேன்.

அது ஒரு நோன்பு மாதம். நோன்பிருப்பவர்கள் கண்ணில் படாதபடி வாசலில் பச்சைத் திரை தொங்கியது. உள்ளே வெளிச்சம் குளத்து நீர்போல அசைய, சாப்பிடுகிறவர்கள் அதில் மெல்ல மிதப்பதாகத் தோன்றும். தண்ணீர்கூடக் குடிக்காத நீங்கள் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்பீர்கள். "உக்காந்தா சாப்புடுறவங்க கைதான் சார் தெரியும். நின்னாதான் மூஞ்சி தெரியும்" என்பீர்கள்.

சமையல் மாஸ்டருக்கும் நோன்பு. நாக்கில் எதையும் வைக்காமல் ஆவியை மோந்தே உப்பு சொல்லிவிடுவார். ஒருநாள் அவர் போட்டது தெரியாமல் உதவியாளும் உப்பைப் போட்டுவிட்டார். சின்னசேலத்திலிருந்து ஒரு பஸ் நிறையக் கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த நேரம். செல்வி அப்போது மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். தன் சோற்றில் ஊற்றிய தால்ச்சாவை ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பாய், உப்பு ஜாஸ்தியா இருக்குது."

"காய் நறுக்க வந்தது எனக்கு உப்பு சொல்லிக்கினு இருக்குதா?" மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டார். அவர் கிளம்பியிருந்தால் அன்றைய மதிய வியாபாரமே போயிருக்கும்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. தோளில் கை போட்டு அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனீர்கள். அங்கே கை கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "ஒங்களுக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு. இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் நாக்கு அதுதான் மாஸ்டரே. கோவத்த நோன்பு தொறந்தப்புறம் வெச்சுக்கலாம்." மாஸ்டர் சிரித்துவிட்டார்.

உப்பைக் குறைக்க, உப்பில்லாத பருப்பு வெந்து தால்ச்சாவில் கலக்கும் வரை, ஹாலுக்கு முதலில் கேசரி போனது. "மாப்ள வூட்டுக்காரங்க, இனிப்புலேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று இலை இலையாகச் சொல்லிக்கொண்டு போனீர்கள். அவர்களுக்கும் அது பிடித்துப்போனது. கிளம்பும்போது அவர்கள் தால்ச்சாவைப் புகழ, மாஸ்டரை ஹால் நடுவுக்கே அழைத்து வந்து காட்டினீர்கள்.

செல்வி வெங்காயக் கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பெயரை ஏன் சொல்லவில்லை என்று உங்களிடம் கேட்டேன். "நாளைக்கும் இவருதானே சார் சமைக்கணும். அந்தப் பொண்ணுக்கு வேற வெச்சிருக்கேன்" என்றீர்கள். மறுநாள் செல்வி உங்கள் பக்கத்தில் நின்று ஆர்டர் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

இதைத்தான் முதலாளியிடம் சொன்னேன். "பாய் சொன்னாரு, மாஸ்டரு கேட்டாரு. செல்வி சொன்னா?" என்றார்.

டீ எடுக்க வந்த மாஸ்டர் நின்றுவிட்டார். "இன்னா மொதலாளி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? பாய் மவுத்தானதுலேருந்து அது வாயில வெக்காம நான் ஒரு குண்டான எறக்குனது இல்ல."

"அப்ப இன்னிக்கு எறக்கி வெச்சது?" பில் மெஷினிலிருந்து தலை தூக்காமலே கேட்டார் செல்வி. "நான் இன்னும் பாக்கவே இல்ல."

"கூப்புடத்தான் வந்துகினு இருந்தேன், வாம்மா" என்று மாஸ்டர் உள்ளே நழுவினார்.

என் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் தவறாக ஒரு வரி எழுதிவிட்டால், நான் அவர்களைத் தனியே அழைத்துத்தான் சொல்கிறேன். அது யாரிடமிருந்து வந்த பழக்கமென்று அவர்களுக்குத் தெரியாது.

முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சொல்வாராம். கேட்டரிங் படித்தவர்களில் ஒருவரையும் அன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மலையில் செல்வியின் ஊர்த் திருவிழாவும் அன்றுதான். அதற்கு விடுப்பு கேட்டிருந்தவர், இப்போது வேண்டாமென்று சொல்லிவிட்டார். போகவில்லையா என்று கேட்டேன்.

"அது அடுத்த வருசமும் வரும் சார்" என்றார்.