முதுகு அளவு

மார்ச் 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். நீ நலமாக இருப்பதாக வெளியூரில் வேலை பார்க்கும் பாப்பா போனில் சொன்னாள். கட்டிய மனைவியின் நலத்தைப் பெற்ற மகளிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்ததற்கு நன்றி.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. "எழுதச் சொல்லு, பதில் போடறேன்" என்று பாப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். அரசாங்கத்துக்கு முப்பத்து நான்கு வருடம் எழுதியவன், உனக்கு எழுத மாட்டேனா. எழுதுகிறேன்.

ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெறுகிறேன். நில அளவை அலுவலகத்தில் விழா வைக்கிறார்கள். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் உனக்கு ஒன்று. "அம்மா வருவாங்கல்ல சார்?" என்று தலைமை எழுத்தர் கேட்டார். "வராம எங்க போவாங்க?" என்றேன். அவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள். அதிலிருந்து அலுவலகம் முழுக்க விஷயம் தெரியும் என்று புரிந்தது.

இன்னொன்று, மேடை ஏறப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. நீ தைத்தவை காலர் தேய்ந்து போனதால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் அக்கா வந்து எல்லாவற்றையும் தரை துடைக்கும் துணியாக்கிவிட்டாள். கடையில் ஏழு சட்டை போட்டுப் பார்த்தேன். ஏழும் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நிற்கின்றன. "சார், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றாள் விற்கிற பெண். நான் நேராகத்தான் நின்றேன். சட்டையைக் கோணலாகத் தைத்துவிட்டு மனிதனை நிமிரச் சொல்லும் காலம் இது.

ஆகவே நானே தைக்கப் போகிறேன். உன் மெஷின் இங்கேதான் இருக்கிறது. ஊரையே அளந்தவனுக்கு ஒரு சட்டை பெரிய காரியமில்லை. என்ன துணி, எத்தனை மீட்டர் என்பதை மட்டும் எழுது. நீ வரும் நாளையும் எழுது.

பாப்பாவின் அப்பா


மார்ச் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தாறு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் என்பதால் இரண்டு முறை படித்தேன். அதில் என்னிடம் கேட்டிருந்தது துணியைப் பற்றி.

வெள்ளைப் பருத்தி, இரண்டரை மீட்டர். வெட்டும் முன் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது பாப்பாவுக்குச் சரியாக இருக்கும். மெஷினில் நூல் கோக்கும் வழியை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த மூடி உங்கள் சாய்வு நாற்காலிக்கு எதிரே பதினைந்து வருடமாக இருக்கிறது. தேட வேண்டியிருக்காது.

நான் இருக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பள்ளிச் சீருடை தைக்கும் கூடம். பன்னிரண்டு மெஷின், இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி. மின்விசிறி மேற்பார்வையாளர் பக்கம் மட்டும்தான் திரும்பும். துணி வெட்டும் மேசை என் பொறுப்பு. தங்குவதற்குப் பின்னால் ஒரு அறை. அறையில் யாரும் பத்திரிகையை விரித்துக்கொண்டு "காப்பி என்ன ஆச்சு" என்று கேட்பதில்லை. பழக ஒரு வாரம் ஆனது.

நாற்காலியைப் போட்டுவிட்டு ஆளைத் தேடுவது உங்கள் அலுவலக நடைமுறையாக இருக்கலாம். வருவதா என்று நான் யோசிக்க வேண்டும். நான் ஏன் கிளம்பினேன் என்று இன்றுவரை நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லும் எண்ணத்தில்தான் இருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 15

பாப்பாவின் அம்மாவுக்கு,

சட்டை தைத்து முடித்துவிட்டேன். உள்ளே போக முடியவில்லை.

நீ எதையோ சொல்லாமல் மறைத்திருக்கிறாய் என்பது என் முடிவு. நான் எடுத்த அளவில் தவறு இல்லை. மார்பு, கழுத்து, கை, எல்லாம் அரைக்கால் அங்குலம் பிசகாமல் எடுத்தேன். எட்டாத முதுகை மட்டும் மார்பு அளவில் பாதி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். எடுத்த அளவுக்கே கோடு கிழித்தேன், கோட்டின் மேலேயே வெட்டினேன். கோட்டுக்கு வெளியே ஒரு நூல்கூட விடவில்லை. எங்கள் தொழிலில் எல்லைக்கு வெளியே விடுவதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். எத்தனை பேரின் சுவரை நான் அதற்காக இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கையை மட்டும் எப்படியோ நுழைத்தேன். மறு கையை நுழைத்தபோது முதுகில் கிழிந்தது. பித்தான் ஒரு கரையிலும் காஜா மறு கரையிலும் நிற்கின்றன. நடுவில் என் பனியன். அக்கா வந்து பார்த்து, "இதுக்குத்தான் பொம்பளை வேணும்ங்கிறது" என்றாள்.

ஏன் போனாய் என்று கேட்கச் சொல்கிறாய். கேட்கிறேன். அக்கா மகன் கல்யாணத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், வீட்டுக்கு வந்தோம். மறுநாள் நீ பெட்டி கட்டினாய். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. நான் குடிக்கிறவனா, கை நீட்டுகிறவனா? சம்பளக் கவரை உன்னிடம் கொடுக்காத மாதம் உண்டா? ஒரு காரணத்தைக் காட்டு. நானும் தெரிந்துகொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 21

மரியாதைக்குரிய நில அளவையாளர் அவர்களுக்கு,

முதலில் சட்டை. நிலம் மூச்சு விடாது, கையைத் தூக்காது, சாப்பிட்டுவிட்டு உட்காராது. உடம்பு இதையெல்லாம் செய்யும். மார்பைச் சுற்றி நான்கு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் வெளியே எல்லா ஓரத்திலும் தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். இதற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

உங்கள் வலது தோள் இடதைவிட முக்கால் அங்குலம் இறக்கம். அளவைக் கருவியின் முக்காலியை அந்தத் தோளில் சுமந்ததால் வந்தது. அதனால்தான் கடைச் சட்டை எதுவும் உங்களுக்கு உட்காராது. நான் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் அந்தத் தோளை இறக்கி வெட்டினேன். சொன்னால் மனம் சங்கடப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. உங்களை நிமிரச் சொன்ன பெண்ணின் மேல் தப்பில்லை.

முதுகு கணக்கில் வராது. தன் முதுகைத் தானே அளக்கவும் முடியாது. கையைப் பின்னால் கொண்டுபோனதும் தோள் எலும்பு நகர்ந்து முதுகு வேறு முதுகாகிவிடும். யாரையாவது பிடிக்கச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். இரண்டே நிமிட வேலை என்று நினைக்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, எனக்கு யாரும் செய்ததில்லை.

காரணம் கேட்டீர்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஒரு பிளவுஸ் வெட்டினேன். டேப்பை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து, "இந்த முனையைக் கொஞ்சம் முதுகுல பிடிங்க" என்றேன். நீங்கள் பத்திரிகையை இறக்காமல், "நான் நிலம் அளக்கிறவன், பொம்பளை டெய்லர் இல்ல" என்றீர்கள். மறுநாள் கேட்டேன். "அப்புறம்" என்றீர்கள். அந்த அப்புறம் இருபத்தாறு வருடமாக வந்துகொண்டிருந்தது. வழக்கம்போலக் கதவு ஓரத்தில் டேப்பை ஆணியில் மாட்டி, முதுகைச் சுவரில் ஒட்டி, உத்தேசமாக வெட்டினேன்.

கல்யாண மண்டபத்தில் உங்கள் அக்கா எல்லோர் முன்னாலும் என் பின் கழுத்தில் விரலை விட்டுத் துணியை இழுத்துக் காட்டினார். "ஊருக்கே தைச்சுக் குடுக்கிறா, தன் முதுகைப் பாரு, மூட்டை கட்டின மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கட்டும். நீங்களும் சிரித்தீர்கள். அந்த முதுகு ஏன் அப்படி இருக்கிறது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் சிரித்தார்.

வயலை அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு உங்களுக்குச் சம்பளத்துக்கு ஆள் கொடுத்திருக்கிறது. ஒருவரால் அளக்க முடியாது என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை.

குடிக்கவில்லை, அடிக்கவில்லை. உண்மை. அந்த இரண்டையும் செய்யாததற்கு இருபத்தாறு வருடம் சட்டை தைத்துக் கொடுத்தேன்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 28

பாப்பாவின் அம்மாவுக்கு,

வயிறெரிந்து எழுதுகிறேன். கவனமாகப் படி.

நீ சொன்னபடி துணி வாங்கி, நனைத்து, உலர்த்தி வைத்தேன். முதுகு அளவுக்கு ஆள் வேண்டும். அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, இந்த முனையைப் பிடி" என்றேன். "இந்த வயசுல என்னடா தையல்? எனக்குச் சீரியல் ஆரம்பிக்கப் போவுது, அப்புறம் வா" என்றாள். டேப்பும் கையுமாக அவள் வீட்டுக் கூடத்தில் நின்றேன். சீரியல் முடிந்து விளம்பரம் வந்தது. விளம்பரத்தையும் பார்த்தாள். மாமா சோபாவில் உட்கார்ந்தபடியே, "இது நமக்குத் தோதுப்படாது மாப்ள" என்றார். மறுநாள் காலையும் போனேன். அன்றைக்கு மாவு அரைக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி வைத்து முயன்றேன். பதினேழரை வந்தது. மறுபடி எடுத்தால் பத்தொன்பது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரே இடத்துக்கு எனக்கு இரண்டு அளவு வந்ததில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டு இன்னும் வலிக்கிறது.

நான் கேட்கிறேன், இவர்களெல்லாம் என்ன மனிதர்கள்? கூடப் பிறந்தவள். அவள் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்க நான் எத்தனை படி ஏறியிருப்பேன். ஒரு முனையை இரண்டு நிமிடம் பிடிக்கக் கை ஒடிந்தா போகும்?

மேலே உள்ளதை எழுதிவிட்டு உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அதன் பிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நீ படித்தால் தேவலை.

மண்டபத்தில் சிரித்தது எனக்கு நினைவில்லை. ஆனால் நீ இல்லாததை எழுதுகிறவள் அல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வருகிறேன். டேப்பைக் கொண்டு வருகிறேன். உன் முதுகை நான் அளக்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கிறேன். நீ ஒரு பிளவுஸ் தைத்துக்கொண்டு விழாவுக்கு வா. என் சட்டை எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். என் முதுகு அளவு எடுத்தாகிவிட்டது.

இங்கே காஜா போடும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்காருவாள். உங்கள் கடிதம் வந்த அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, ஒரு உதவி. நேரம் இருந்தா மட்டும்." அவள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "திரும்பும்மா" என்றாள். ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஒரு முறை, கழுத்து எலும்பிலிருந்து இடுப்புக்கு ஒரு முறை. "பதினாலரை, பதினைஞ்சே கால். எழுதிக்கோ. இதுக்கா இந்தக் கெஞ்சு கெஞ்சினே?" என்று கேட்டுவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

கூடத்துச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் திரும்பி நின்றேன். முக்கால் நிமிடம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் கிளம்பி வந்தபோது எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. முதுகு அளப்பது எனக்குக் கைப்பழக்கம், தையல் தெரியாதவருக்குக் கடினமான வேலையாக இருக்கும், பொறுமை வேண்டியிருக்கும், உங்களைப் போன்றவருக்கு வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருந்தால் உங்களை மன்னித்திருப்பேன். பத்து நிமிடம் ஆகியிருந்தால்கூட யோசித்திருப்பேன். முக்கால் நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று நாளாக முயன்று பார்த்தேன்.

உங்கள் கடிதம் நல்ல கடிதம். கிழிக்காமல் அனுப்பியது அதைவிட நல்லது. உங்களிடமிருந்து எனக்கு வந்ததில் நான் எடுத்து வைத்துக்கொள்ளப் போவது அது ஒன்றுதான். உங்கள் அக்கா மேல் உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

இத்துடன் உங்கள் சட்டைக்கு மாதிரி வெட்டிய காகிதங்களை மடித்து வைத்திருக்கிறேன். முன்துண்டு இரண்டு, முதுகு, கை, காலர். டேப் தேவையில்லை. உங்கள் முதுகு பதினெட்டேகால், அது எனக்கு மனப்பாடம். தையலுக்கு விட வேண்டியதை விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன், நீங்கள் கோட்டின் மேலேயே வெட்டலாம். இனி உங்கள் அளவு உங்களிடமே இருக்கட்டும்.

விழாவுக்கு நான் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பாப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதாள், பிறகு மெஷினை எப்போது எடுத்து வர வேண்டும் என்று கேட்டாள். உங்கள் சட்டை முடிந்த பிறகு என்று சொல்லியிருக்கிறேன்.

பிளவுஸைத் தைத்து முடித்து நேற்றுப் போட்டுக்கொண்டேன். பகல் முழுக்க மேசை மேல் குனிந்து நாற்பது ஜோடி அரைக்கால் சட்டை வெட்டினேன். கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்துவிட்டுக்கொள்ள ஒரு முறைகூட வேண்டியிருக்கவில்லை.

வெட்டும் மேசைக்காரி